யாழ்ப்பாணத்துக் கிணற்றுநீருக்கு ஏற்ற அடிமண்: நீர்த்தாவரத் தொட்டிக்கு வீட்டிலேயே தயாரிக்கும் முறை

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மீன்தொட்டிக்குள் நீர்த்தாவரங்களை வளர்க்க விரும்புபவர், தொட்டி வாங்குவதற்கு முன்பாகவே தமது கிணற்றுநீரின் தன்மையை அறிந்துகொள்வது நல்லது. அடியில் இடப்போகும் மண்ணைப் பற்றிய தீர்மானங்கள் எல்லாம் அந்த நீரிலிருந்தே பிறக்கின்றன. குடாநாடு மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கற் பாறையின் மீது அமைந்திருக்கிறது. மாரியில் பெய்யும் மழை அந்தப் பாறையின் வெடிப்புகளினூடாகக் கீழிறங்கும்போது சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு செல்வதால், நமது கிணறுகளில் கல்சியமும் இருகாபனேற்றும் நிறைந்த வன்னீரே கிடைக்கிறது. கேத்தலின் அடியில் நாளடைவில் திரளும் வெள்ளைப் படிவு அந்தச் சுண்ணாம்புதான். இத்தகைய நீரின் பீ.எச். பெறுமானம் (அமில, காரத் தன்மையைக் காட்டும் அளவு; 7 என்பது நடுநிலை) பெரும்பாலும் 7 இற்கு மேலேயே நிற்கும்.

வன்னீரில் தாவரம் வளராது என்று சொல்பவர்கள் உண்டு. அது சரியன்று. வலிஸ்னேரியா, ஹைட்ரில்லா போன்றவை நீரிலுள்ள இருகாபனேற்றிலிருந்தே தமக்கு வேண்டிய காபனைப் பெறக்கூடியவை. உண்மையான சிக்கல் இரும்பில்தான் இருக்கிறது. பச்சையம் உருவாவதற்கு இரும்பு தேவை. ஆனால் ஒட்சிசன் கலந்த காரத்தன்மையான நீரில் இரும்பு கரைந்த நிலையில் நிலைப்பதில்லை, துருவாக மாறிப் படிந்துவிடுகிறது. போத்தலில் வாங்கி ஊற்றும் திரவ உரத்தின் இரும்பும் நமது நீரில் நீண்ட நேரம் பயன்தராமல் போவதற்கு இதுவே காரணம். மாறாக, மணலுக்குக் கீழே ஒட்சிசன் குறைந்த மண்படையில் அதே இரும்பு மீண்டும் கரையக்கூடிய வடிவத்துக்கு வருகிறது. வேர்கள் அதை அங்கிருந்தே எடுத்துக்கொள்கின்றன. ஆகவே இரும்பை நீரில் ஊற்றாமல் மண்ணுக்குள் சேமித்து வைக்க வேண்டும். அதற்கான பொருள் நம் காலடியிலேயே கிடக்கிறது: சுன்னாகம், உரும்பிராய், கோப்பாய்ப் பக்கங்களில் நாம் செம்பாடு என்று அழைக்கும் மண்ணின் சிவப்பு இரும்பொட்சைட்டின் நிறமே ஆகும்.

கடைகளில் பைகளில் விற்கப்படும் பதப்படுத்திய மண்மணிகளைப் பற்றியும் இவ்விடத்தில் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவை நீரின் காரத்தன்மையை உறிஞ்சி அதை மென்மையாக்கும் நோக்கத்துடன் செய்யப்படுபவை. மென்னீர் கிடைக்கும் இடங்களில் அந்த ஆற்றல் நெடுநாள் நீடிக்கும்; நமது வன்னீரில் விரைவிலேயே தீர்ந்துவிடும். அதன் பிறகு கையில் எஞ்சுவது விலையுயர்ந்த சாதாரண மண்தான். ஆதலால் யாழ்ப்பாணத்தில் புதிதாகத் தொடங்கும் ஒருவருக்கு அவற்றை நான் பரிந்துரைப்பதில்லை.

நீர் பற்றிய இன்னொரு செய்தியும் செய்முறையை நேரடியாகப் பாதிக்கிறது. வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் பயிராகும் வலிகாமத்துத் தோட்டப் பகுதிகளில் இரசாயன உரமும் எருவும் நீண்டகாலமாக இடப்பட்டு வந்ததால், அங்குள்ள பல கிணறுகளில் நைத்திரேற்று மிகுந்திருக்கிறது. குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லையான லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டிய கிணறுகளும் உண்டு. தாவரத்துக்கு வேண்டிய நைதரசன் இவ்வாறு நீருடனேயே வந்து சேர்வதால், அடிமண்ணில் அதைக் கூட்டும் எந்தப் பொருளையும் சேர்க்க வேண்டியதில்லை. யூரியா, கோழியெரு, உலராத மாட்டெரு ஆகியவற்றை முற்றாகத் தவிர்த்துவிடுங்கள். அவை அமோனியாவை வெளிவிடும். அமோனியா நமது நீரில் பிற இடங்களைவிடக் கொடியது. 28 பாகை வெப்பத்தில், பீ.எச். 7 ஆக உள்ள நீரில் மொத்த அமோனியாவில் ஒரு சதவீதத்துக்கும் குறைவான பங்கே நச்சு வடிவத்தில் இருக்கும். பீ.எச். 8 ஆகும்போது அந்தப் பங்கு ஆறு, ஏழு சதவீதமாக உயர்ந்துவிடுகிறது. மீன் சாவதற்கு அது போதுமானது.

மண்ணைத் தேர்ந்தெடுத்தல்

இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் கொண்ட தொட்டியையே இங்கு அளவாகக் கொள்கிறேன். அதன் அடிப்பரப்பில் இரண்டரை சென்ரிமீற்றர் உயரத்துக்கு மண் இடுவதற்கு ஏறத்தாழ நான்கரை லீற்றர் மண் தேவை. நனைந்ததும் மண் அமுங்கிக் குறையும் என்பதால் ஆறு லீற்றர் தயாரித்துக்கொள்ளுங்கள். அளப்பதற்கு ஒரு லீற்றர் ஐஸ்கிறீம் பெட்டி போதுமானது.

அந்த ஆறு லீற்றரில் நான்கு லீற்றர் வளவு மண், ஒரு லீற்றர் செம்மண், அரை லீற்றர் கழுவிய தும்புத்தூள், அரை லீற்றர் உடைத்த ஓட்டுத்துண்டு என்பது நான் கடைப்பிடிக்கும் விகிதம். ஒவ்வொன்றையும் எங்கிருந்து, எப்படி எடுப்பது என்பதில்தான் வெற்றியும் தோல்வியும் தங்கியிருப்பதால், இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

வளவு மண்ணை, மாமரத்தின் கீழோ பலாமரத்தின் கீழோ உரமும் மருந்தும் படாத ஓரிடத்திலிருந்து எடுக்க வேண்டும். மேலே கிடக்கும் சருகைக் கூட்டி ஒதுக்கிவிட்டு, அதன் கீழுள்ள ஒரு சாண் ஆழத்து மண்ணை மட்டும் எடுங்கள். தோட்டத்து மண் எவ்வளவு கொழுமையாகத் தெரிந்தாலும் அதை எடுக்கக் கூடாது. பூச்சிமருந்தின் எச்சமும், பூஞ்சண மருந்துகளிலுள்ள செம்பும் அதில் தங்கியிருக்கும். செம்பு சிறிதளவு இருந்தாலே இறாலும் நத்தையும் இறந்துவிடும். கிணற்றடியில் சவர்க்காரநீர் ஓடும் வாய்க்கால், மலகூடக் குழியின் அயல், கறையானுக்கு மருந்தடித்த வீட்டுச் சுவரோரம், பழைய வீடு இடிந்து சுண்ணாம்புச் சாந்து சிதறிய நிலம் ஆகியவற்றையும் விலக்குங்கள். கடற்கரையையோ களப்பையோ அண்டிய தரவை நிலங்களின் மண் உவர் ஏறியது. தீவகத்திலும் கரையோரக் கிராமங்களிலும் வசிப்பவர்கள் உட்பகுதியிலுள்ள உறவினர் வீட்டிலிருந்து மண் கொண்டுவருவது மேல். உவர் உண்டா என்பதில் ஐயம் இருந்தால், ஒரு பிடி மண்ணைச் சிறிதளவு மழைநீரில் கரைத்துத் தெளியவிட்டு, தெளிந்த நீரைக் கறுப்புத் தட்டொன்றில் ஊற்றி வெயிலில் காயவையுங்கள். வெண்மையான உப்புப் பொருக்கு தடிப்பாகப் படிந்தால் அந்த மண் வேண்டாம்.

செம்மண்ணை மேற்படையிலிருந்து எடுக்காதீர்கள். செம்பாட்டுப் பகுதியில் யாராவது வீட்டுக்கு அத்திவாரமோ குழியோ வெட்டும்போது, மூன்றடிக்குக் கீழிருந்து வரும் மண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அந்த ஆழத்தில் உரமும் மருந்தும் மிகக் குறைவு. பாறையை அண்டிய செம்மண்ணில் வெண்ணிறச் சுண்ணாம்புக்கல் துணுக்குகள் கலந்திருக்கும். அவற்றைக் கையால் பொறுக்கி, எஞ்சியதை அரிதட்டில் அரித்து எடுங்கள். செம்மண் நல்லது என்பதற்காக அதன் பங்கைக் கூட்டவும் கூடாது. அதில் சேதனப் பொருள் குறைவு; மிக நுண்ணிய களித்துணிக்கைகள் நீரைக் கலக்கும்; அதிலுள்ள இரும்பொட்சைட்டு பொசுபேற்றைப் பிடித்து வைத்துக்கொண்டு தாவரத்துக்கு விடாது. ஆறில் ஒரு பங்கு போதுமானது.

தும்புத்தூள் மண்ணை இறுகவிடாமல் இளக்கமாக வைத்திருக்கிறது. பொச்சுமட்டையை ஊறவைக்கும் இடங்கள் சில உவர்நீரை அண்டியவை என்பதால், வாங்கிய தூளை நன்னீரில் ஊறவைத்துப் பிழிந்து, நீரின் தேயிலை நிறம் மங்கும்வரை பலமுறை மாற்றுங்கள். ஓட்டுத்துண்டைப் பொறுத்தவரை, வண்ணமும் சீமெந்தும் படாத பழைய ஓட்டைச் சாக்கில் சுற்றி உடைத்து, பயறு அளவான துண்டுகளைத் தெரிந்தெடுத்தால் சரி. அதன் நுண்துளைகளில் கழிவைச் சிதைக்கும் பக்ரீரியா குடியேறும்.

சேர்க்கக் கூடாதவை சிலவும் உண்டு. வெளிநாட்டுச் செய்முறைகள் டொலமைற்று, சிப்பித்தூள், முட்டைக்கோது ஆகியவற்றைக் கலக்கும்படி சொல்லும். அவை மென்னீர் ஊர்களுக்கு உரியவை. நமது நீரில் கல்சியம் ஏற்கனவே மிகுதி. அடுப்புச் சாம்பல் காரத்தன்மையை இன்னும் கூட்டும். அமோனியம் சல்பேற்று போன்ற சல்பேற்று உரங்கள் ஒட்சிசன் அற்ற மண்ணில் ஐதரசன் சல்பைட்டு என்னும் நச்சு வாயுவாக மாறும்.

எடுத்த வளவு மண் பொருத்தமானதா என்று பார்க்க, அகன்ற வாயுள்ள கண்ணாடிப் போத்தலில் அரைவாசிக்கு மண்ணும் மீதிக்கு நீரும் இட்டு, நன்றாகக் குலுக்கி ஒரு நாள் அசையாமல் வையுங்கள். மணல் ஓரிரு நிமிடத்திலேயே அடியில் அமரும். வண்டல் சில மணி நேரத்தில் அதன் மேல் படியும். களி கடைசியாகப் படியும். சருகும் வேர்த்துண்டும் மேலே மிதக்கும். மணற்படையே பெரும்பகுதியாக இருந்தால் செம்மண்ணின் பங்கை இன்னும் அரை லீற்றர் கூட்டலாம். மிதக்கும் பொருள் ஒரு விரல் தடிப்புக்கு மேல் இருந்தால், அந்த மண்ணைப் பதப்படுத்த அதிக நாட்கள் எடுக்கும் என்று அறிந்துகொள்ளுங்கள்.

மண்ணைப் பதப்படுத்தல்

புதியவர்கள் பொறுமையிழந்து தவிர்த்துவிடும் படி இதுதான். ஆனால் முழுச் செய்முறையிலும் இதற்கு ஈடானது வேறொன்றில்லை. வெட்டிய மண்ணில் உயிருள்ளனவும் இறந்தனவுமாகச் சேதனப் பொருள் நிறைந்திருக்கிறது. அதை அப்படியே நீருக்குள் இட்டால், அது காற்றின்றி அழுகி அமோனியாவையும் துர்நாற்ற வாயுக்களையும் வாரக்கணக்கில் வெளிவிடும். அந்தச் சிதைவை நீருக்கு வெளியே, காற்றும் ஈரமும் மாறிமாறிப் படும்படி முன்கூட்டியே நடத்தி முடிப்பதுதான் பதப்படுத்தலின் நோக்கம். காற்றுப்படும் ஈரமண்ணில் பக்ரீரியா அமோனியாவை நைத்திரேற்றாக மாற்றும். அடுத்த முறை நீர் ஊற்றும்போது அந்த நைத்திரேற்று கழுவுண்டு போகும்.

பங்குனி தொடங்கிச் சோழகக் காற்று வீசும் மாதங்கள் வரை இதற்கு உகந்த காலம். மாரியில் தொடங்கினால் மண் காயவே காயாது.

முதலில் மண்ணிலுள்ள கல், வேர், சுள்ளி ஆகியவற்றை அகற்றி, அரிதட்டில் ஒருமுறை அரித்துக்கொள்ளுங்கள். கையில் காயம் உள்ளவர்களும் நீரிழிவு நோயாளர்களும் கட்டாயம் கையுறை அணிய வேண்டும். ஈரமண்ணின் வழியே பரவும் மெலியோய்டோசிஸ் என்னும் பக்ரீரியா நோய் இலங்கையில் காணப்படுகிறது, அது நீரிழிவு உள்ளவர்களையே கூடுதலாகத் தாக்குகிறது. பின்னர் வளவு மண்ணைப் பெரிய வாளியில் மூன்றில் ஒரு பங்குக்கு இட்டு, வாளி நிறைய நீர் ஊற்றி, அகப்பைக் காம்பால் அடிவரை கிளறுங்கள். மேலே மிதக்கும் சருகையும் புழு பூச்சியையும் அள்ளி எறிந்துவிட்டு, ஒரு நாள் ஊறவிடுங்கள். மறுநாள் மண் கலங்காதபடி மேல்நீரை மெதுவாகச் சரித்து ஊற்றுங்கள். அந்த நீரை வாழைக்கு விட்டால் அதிலுள்ள சத்து வீணாகாது.

வடித்த சேற்றைப் படங்கு ஒன்றின் மேல் ஓரங்குலத்துக்கு மிகாமல் பரப்பி, முதலில் இரண்டு நாள் நிழலில் ஈரம் காயாமல் வைத்திருங்கள். பக்ரீரியா வேலை செய்வது இந்த ஈர நாட்களில்தான். அதன் பிறகு வெயிலுக்கு மாற்றி, நாளுக்கு ஒருமுறை கிளறி, கட்டிகளை உடைத்து, விரலிடையே பொடியாக உதிரும்வரை காயவிடுங்கள். சோழகக் காற்றில் புழுதி பறக்கும் என்பதால் படங்கின் ஓரங்களை மடித்துக் கற்களை வையுங்கள். கோழியும் நாயும் கிளறாமல் மேலே பழைய மீன்வலைத் துண்டொன்றை விரித்துவிடலாம்.

இவ்வாறு ஊறவைத்து, வடித்து, காயவைப்பது ஒரு சுற்று. குறைந்தது நான்கு சுற்றுகள் செய்யுங்கள். முதற்சுற்றில் கறுத்து நுரைத்து வரும் நீர், சுற்றுக்குச் சுற்று வெளிறிக்கொண்டு வரும். மண்ணின் மணமும் புளித்த நெடியிலிருந்து மாறி, மழைக்குப் பிந்திய நிலத்தின் மணமாகும். நீங்கள் கவனிக்க வேண்டிய அடையாளம் இந்த மணமே. கணக்கில் நான்கு சுற்று முடிந்தும் நெடி போகவில்லையென்றால் ஐந்தாவது சுற்றுக்குச் செல்லுங்கள். மீன் வளர்ப்புப் பொருள் விற்கும் கடையில் அமோனியாச் சோதனைத் திரவம் கிடைத்தால், பதப்படுத்திய மண் ஒரு கோப்பையை நான்கு கோப்பை நீரில் மூன்று நாள் வைத்திருந்து அந்த நீரைச் சோதித்துப் பார்ப்பது இன்னும் நிச்சயமானது.

ஊறவைத்த வாளிகளை மூடாமல் நாட்கணக்கில் விட்டுவிடக் கூடாது. தேங்கிய நீரில் டெங்கு நுளம்பு முட்டையிட்டு, ஒரு வாரம் பத்து நாளில் பறக்கும் நுளம்பாகிவிடும். ஒரு நாளுக்கு மேல் ஊறவிட நேர்ந்தால் வாளியின் வாயை நுளம்பு வலையால் இறுகக் கட்டுங்கள்.

செம்மண்ணுக்கு இத்தனை சுற்று வேண்டியதில்லை. ஆழத்திலிருந்து வந்ததால் அதில் அழுகக்கூடியது மிகக் குறைவு. ஒருமுறை வெயிலில் காயவைத்து இடித்து அரித்தாலே போதும். எல்லாம் முடிந்த பின் நான்கு பொருட்களையும் விகிதப்படி உலர்நிலையில் கலந்து வைத்துக்கொள்ளுங்கள். பலமுறை கழுவியதில் பொற்றாசியம் வெளியேறியிருக்கும் என்பதால், உரக்கடையில் கிடைக்கும் மியூரியேற்று ஒஃப் பொட்டாசு அரைத் தேக்கரண்டியை இக்கலவையில் தூவிக் கலக்கலாம். அதற்கு மேல் வேண்டாம்.

மேல்மணல்

மண்ணை மூடும் மணலுக்கு மூன்று வேலைகள் உண்டு: மண் நீரில் கலங்காமல் தடுப்பது, தாவரத்தை நட்ட இடத்தில் பிடித்து வைப்பது, மண்படைக்குள் ஒட்சிசன் மெதுவாக மட்டும் செல்லும்படி பார்த்துக்கொள்வது. மணற்காட்டு மேடுகளிலோ கடற்கரையிலோ கிடைக்கும் வெண்மணல் எவ்வளவு அழகாக இருந்தாலும் இதற்கு உதவாது. அதில் கலந்துள்ள சிப்பித்துகளும் பவளத்துகளும் நீரின் வன்மையை மேலும் கூட்டும். நுண்மணல் இறுகிப்போய் மண்ணை மூச்சுமுட்டச் செய்யும். அனுமதியின்றி மணல் அகழ்வது சட்டவிரோதமானது என்பதும் நினைவில் இருக்கட்டும். கட்டடப் பொருள் விற்பவர்களிடம் வன்னியிலிருந்து வரும் ஆற்றுமணல் கிடைக்கும். அதில் பதினைந்து கிலோ வாங்குங்கள். அரித்துக் கழுவிய பின் தேவையான ஒன்பது பத்துக் கிலோ எஞ்சும்.

ஆற்றுமணல் என்று சொல்லி விற்றாலும் சோதிக்காமல் ஏற்காதீர்கள். உலர்ந்த மணல் இரண்டு தேக்கரண்டியைக் கண்ணாடிக் கோப்பையில் இட்டு, அது நனையுமளவு வினாகிரி ஊற்றுங்கள். சுண்ணாம்பு கலந்திருந்தால் குமிழிகள் எழும். குமிழி மிக நுண்ணியதாக இருக்கக்கூடும் என்பதால் கோப்பையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்ப்பதுடன், காதருகே வைத்துச் சுரீரென்ற ஒலி கேட்கிறதா என்றும் கவனியுங்கள். மணலுக்கிடையே சிக்கிய காற்று வெளிவரும்போதும் முதலில் சில குமிழிகள் தோன்றும். அவை உடனே நின்றுவிடும். தொடர்ந்து எழுந்துகொண்டிருந்தால் அதுவே சுண்ணாம்பு. அலங்காரத்துக்கு வைக்கும் கற்களையும் இதே முறையில் சோதியுங்கள். குடாநாட்டில் வயலோரத்தில் பொறுக்கும் கல் ஏறக்குறைய எல்லாமே சுண்ணாம்புக்கல்தான்.

தேறிய மணலை முதலில் அரிதட்டில் அரித்துப் பருங்கல்லை நீக்கி, பின்னர் கம்பி நுளம்பு வலையின் மேல் இட்டுத் தண்ணீர் விட்டு அலசினால், ஒரு மில்லிமீற்றருக்குக் குறைந்த நுண்துகள்கள் கீழே போய்விடும். எஞ்சுவதை வாளியில் கையால் அரிசி களைவதுபோல் களைந்து, நீர் தெளிவாக வரும்வரை கழுவுங்கள்.

தொட்டியில் இடுதல்

தொட்டியை அதன் நிரந்தர இடத்தில் வைத்துவிட்டே தொடங்க வேண்டும். நிறைந்த பின் நகர்த்த முடியாது. நேர்வெயில் படும் யன்னலோரம் கூடாது.

முன்புறக் கண்ணாடியை ஒட்டி இரண்டு சென்ரிமீற்றர் அகலத்துக்கு மணலை மட்டும் இட்டு ஒரு வரம்பு கட்டுங்கள். மண் கண்ணாடி வழியே தெரிந்தால் அவ்விடத்தில் வெளிச்சம் பட்டுப் பாசி படரும், பார்வைக்கும் அழகில்லை. அந்த வரம்புக்குப் பின்னால், கலவையைச் சிறிது நீர் தெளித்துப் பிட்டுமாப் பதத்தில் ஈரமாக்கி, பகுதி பகுதியாக இட்டு உள்ளங்கையால் மெல்ல அழுத்துங்கள். இரண்டரை சென்ரிமீற்றருக்கு மேல் உயர்த்த வேண்டாம். பின்பகுதி உயரமாகத் தெரிய வேண்டுமென்றால் மண்ணைக் கூட்டாமல் மணலைக் கூட்டுங்கள். தடித்த மண்படைதான் பின்னாளில் நச்சு வாயுவுக்குக் காரணமாகிறது. பிறகு இன்னும் சிறிது நீர் ஊற்றி, மண் முழுவதும் சேறாகும்படி ஊறவிட்டு, விரலால் ஆங்காங்கே குத்திச் சிக்கிய காற்றை வெளியேற்றுங்கள். மணலை மூன்று சென்ரிமீற்றர் உயரத்துக்குக் கைப்பிடி கைப்பிடியாக மெதுவாகத் தூவி மூடுங்கள்; வாளியால் கொட்டினால் மண் மணலின் மேலே வந்துவிடும்.

அடுத்து, வாழையிலைத் துண்டொன்றை மணலின் மேல் விரித்து, அதன் மேல் நீரை மெல்லிய தாரையாக விட்டு, இரண்டு மூன்று அங்குலம் நிரப்பிய பின் நடத் தொடங்குங்கள். வேரை மண்ணைத் தொடும்படி ஆழமாக நட்டு, தண்டின் கழுத்து மணலுக்கு மேலே தெரியும்படி மெல்ல உயர்த்திவிடுங்கள். தொடக்கத்திலேயே அடர்த்தியாக நடுவது மிகவும் அவசியம். அடிப்பரப்பில் முக்கால் பங்காவது தாவரம் இருக்க வேண்டும். வேர்கள் மண்ணுக்குள் ஒட்சிசனைக் கொண்டு செல்கின்றன, மண் வெளிவிடும் சத்துக்களை அவ்வப்போதே உறிஞ்சிக்கொள்கின்றன. வெறுமையாக விட்ட நிலத்தில் பாசியே அந்தச் சத்தை எடுத்துக்கொள்ளும்.

எவற்றை நடுவது என்று கேட்டால், பின்புறத்துக்கு வலிஸ்னேரியாவும் ஹைட்ரில்லாவும், நடுப்பகுதிக்குக் கிரிப்டோகொரைன் வகைகளும் என்பேன். கிரிப்டோகொரைன் வென்டியை, பெக்கற்றியை, பார்வா ஆகியவை இலங்கைக்கே உரிய இனங்கள். வேரின் வழியாகவே பெருமளவு உண்பவை ஆதலால் இந்த அடிமண்ணின் பயனை அவற்றில்தான் தெளிவாகக் காணலாம். ஈரவலயத்து நீரோடைகளில் இயற்கையாக வளரும் செடிகளைப் பிடுங்கி விற்பவர்களிடம் வாங்காமல், பண்ணையில் பெருக்கியவற்றையே கேட்டு வாங்குங்கள். நட்டவுடன் அவற்றின் பழைய இலைகள் கரைந்து போகக்கூடும்; கிழங்கு உறுதியாக இருந்தால் சில வாரங்களில் புதிய இலை வரும், பிடுங்கிவிடாதீர்கள். நமது குளங்களில் காணப்படும் கொட்டியின் இனத்தவையான அப்போனோகீட்டன் கிழங்குகளும் இம்மண்ணில் செழிக்கும். அவற்றை மணலில் பாதி புதையும்படி மட்டும் வைத்தால் அழுகாது.

முதல் ஆறு வாரங்கள்

முதன்முறை நிறைந்த நீர் கலங்கலாகவோ தேயிலை நிறமாகவோ இருக்கும். அதை முழுவதும் இறக்கிவிட்டு மீண்டும் மெதுவாக நிரப்புங்கள். முதல் வாரத்தில் ஒன்றுவிட்ட நாள் பாதி நீரையும், இரண்டாம் வாரத்தில் இருமுறையும், அதன் பின் வாரம் ஒருமுறையும் மாற்றுங்கள். வெள்ளத்துக்குப் பின் கிணற்றுக்குக் குளோரின் இட்டிருந்தால், நீரை ஒரு நாள் திறந்த வாளியில் வைத்திருந்து ஊற்ற வேண்டும். மாரியில் சேமித்த மழைநீர் இருப்பவர்கள் அதைக் கிணற்றுநீருடன் பாதிக்குப் பாதி கலந்து கொடுத்தால் கிரிப்டோகொரைன் இன்னும் விரைவாகப் பிடிக்கும்.

விளக்கை நாளுக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் எரியவிட வேண்டாம். முதல் மூன்று வாரத்துக்கு ஆறு மணி நேரமே போதும். இக்காலத்தில் மண்ணிலுள்ள எஞ்சிய சேதனப் பொருள் சிதையும்போது காபனீரொட்சைட்டு வெளிவருவதால், உருளையில் வாயு வாங்கிச் செலுத்த வேண்டிய தேவை இல்லை.

மண்ணிலிருந்து அவ்வப்போது குமிழி எழுவது இயல்பு. குமிழியுடன் கூழ்முட்டை நாற்றம் வந்தால், ஐதரசன் சல்பைட்டு உண்டாகிறது என்று பொருள். தென்னை ஈர்க்கொன்றை எடுத்து, தாவரம் இல்லாத இடங்களில் இரண்டங்குல இடைவெளியில் மண்ணின் அடிவரை மெதுவாகக் குத்தி எடுங்கள். உடனே பாதி நீரை மாற்றுங்கள். வாரம் ஒருமுறை இவ்வாறு செய்துவந்து, வெறும் இடங்களில் மேலும் வலிஸ்னேரியாவை நட்டால் நாற்றம் அடங்கும். மணலுக்குள் புகுந்து திரியும் கூம்பு வடிவச் சிறு நத்தைகள் இந்த வேலையைத் தாமாகவே செய்துவிடும் என்பதால், அவற்றை நான் வேண்டியே தொட்டிக்குள் விடுகிறேன்.

நான்கு வாரம் முடியும்வரை மீன் விடாதீர்கள். அதன் பின் அமோனியாவும், அது நைத்திரேற்றாக மாறும் வழியில் உண்டாகும் நச்சுப் பொருளான நைத்திரைற்றும் இரண்டுமே பூச்சியம் என்று சோதனையில் தொடர்ந்து ஒரு வாரம் தெரிந்த பிறகு, வன்னீரை விரும்பும் கப்பி மீன்கள் நான்கைந்தை முதலில் விடலாம். இறாலுக்கு இன்னும் இரண்டு மாதம் பொறுத்திருங்கள். மண்ணைக் கிளறித் தோண்டும் பெரிய மீன்களுக்கு இத்தொட்டி ஏற்றதன்று.

தாவரத்தை அகற்ற நேர்ந்தால் வேரோடு இழுக்கக் கூடாது. இழுத்தால் மண் மேலே வந்து நீர் முழுவதும் கலங்கிவிடும். தரைமட்டத்தில் கத்தரியால் வெட்டிவிட்டு வேரை மண்ணிலேயே விடுங்கள். குழாயால் கழிவை உறிஞ்சும்போதும் குழாயின் வாயை மணலின் மேற்பரப்புக்குச் சற்று மேலேயே பிடிக்க வேண்டும்.

நன்றாகப் பதப்படுத்திய அடிமண் ஓராண்டுக்கும் மேலாகத் தாவரத்தைத் தாங்கும். புதிய இலைகள் நரம்பு மட்டும் பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் வரத் தொடங்கினால் இரும்பு குறைகிறது என்று அறியலாம். அப்போது தொட்டியைக் கலைக்க வேண்டியதில்லை. நான்கு பங்கு செம்மண்ணுடன் நன்கு முதிர்ந்து உலர்ந்த மண்புழு உரம் ஒரு பங்கைச் சேர்த்துப் பிசைந்து, கொட்டைப்பாக்கு அளவில் உருட்டி, வெயிலில் கல்லாக இறுகும்வரை காயவையுங்கள். பெரிய கிரிப்டோகொரைன் ஒவ்வொன்றின் வேரருகிலும் ஓர் உருண்டையை விரலால் மணலுக்குக் கீழே மண்வரை அழுத்திவிடுங்கள். ஒரே நாளில் தொட்டி முழுவதற்கும் இடாமல், வாரத்துக்கு இரண்டு மூன்று உருண்டைகளாக இட்டு வந்தால் நீர் கலங்காது. மஞ்சள் நீங்கியதா என்பதைப் பழைய இலைகளில் தேடாமல் அடுத்து வரும் புதிய இலையில் பாருங்கள்.